வாசலில் நிற்பவரோடு வழக்கு எதற்கு?



2019ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு காணொளி வேகமாகப் பரவியது. ஒரு கொண்டோமினியத்தில், இரவு 11 மணிக்குமேல் வரும் விருந்தினர் வாகனத்துக்கு 10 வெள்ளி கட்டவேண்டும் என்கிறார் பாதுகாவல் அதிகாரி. குடியிருப்பாளருக்குக் கோபம் வந்துவிட்டது. தம் வீட்டின் விலையைச் சொல்லிக் காட்டிக் கத்துகிறார். பிறகு அவர் மன்னிப்புக் கேட்டது வேறு கதை.

இப்படிப்பட்ட கட்டணத்தைப் பாதுகாவலரா விதிக்கிறார்? வீட்டு உரிமையாளர்களே தேர்ந்தெடுக்கும் நிர்வாக மன்றம் விதியை வகுக்கிறது. அவர்கள் கட்டும் பராமரிப்புப் பணத்திலிருந்துதான் காவலுக்கும் சம்பளம் போகிறது. ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் அவர் வேலைக்கு ஆபத்து. கொடுக்காவிட்டால் வசவு. பாவம், நடுவில் அவர்தான் நிற்கிறார்.

இந்த வேலையில் 12 மணி நேர ஷிப்ட் சாதாரணம். விடியுமுன் ஜோகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வருபவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் வங்கி, கிடங்கு வாசல்களில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவலிருந்த சீக்கியப் பெரியவர்களை ‘ஜாகா’ என்பார்கள். அப்போது அந்த மலாய்ச் சொல்லில் பயமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. இன்று “ஏய் ஜாகா!” என்று கூப்பிடுவதில் இரண்டுமே இல்லை. “அண்ணே” என்றோ “அங்கிள்” என்றோ அழைத்தால் குறைந்துவிடவா போகிறோம்?

கார் நிறுத்துமிடத்தில் சம்மன் கொடுக்கும் பெண்மணியின் பாடும் இதேதான். அவரிடம் கெஞ்சியும் பயனில்லை, ஏசியும் பயனில்லை. முறையீடு இருந்தால் வீவகவுக்கோ நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கோதான் எழுதவேண்டும்.

மரியாதையாகப் பழகச் சொல்லும் இயக்கம் சிங்கப்பூரில் 1979லேயே தொடங்கியது. ‘சிங்கா’ சிங்கம் 1982ல் வந்து எத்தனையோ சுவரொட்டிகளில் சிரித்தது. ஆனாலும் சட்டம் தேவைப்பட்டது. பணியிலிருக்கும் பாதுகாவல் அதிகாரியைத் துன்புறுத்துவது 2022 மே 1 முதல் தனிக் குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அடித்தால் தண்டனை இன்னும் கூடும்.

சரி, கட்டணமே அநியாயம் என்று தோன்றினால்? தாராளமாகக் கேட்கலாம். அதற்கென்று ஆண்டுப் பொதுக்கூட்டம் இருக்கிறது. விதியை மாற்றும் பேச்சை அங்கே எடுக்கலாம், வாக்களிக்கலாம். ஆனால் குறித்த நேரத்துக்குத் தேவையான பேர் சேராவிட்டால், அரை மணி நேரம் காத்திருந்து, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தச் சட்டம் வழிசெய்து வைத்திருக்கிறது. வாசலில் கத்துகிறவர்கள் அந்த மாலையில் எங்கே போய்விடுகிறார்களோ தெரியவில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு வழக்கம்போல் கதவைத் திறந்துவிடுபவர் அதே பாதுகாவலர்தான்.