பந்து சொல்லித் தரும் பாடம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், மயிலாப்பூர் பகுதிப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை பேசியதிலிருந்து)



கூட்டம் தொடங்கும் முன்னால் சிலரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் டியூஷனுக்காக உள்கடன் வாங்கியதாகச் சொன்னார்கள். அப்படிக் கட்டியும், பத்தாவது முடித்த பெண் "சயின்ஸ் குரூப் வேணாம்மா, ஒண்ணும் புரியலை" என்கிறாளாம். நாமும் சரி, உனக்கு வராது போல என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் நர்சிங், இன்ஜினியரிங் என்று பல கதவு அந்தப் பெண்ணுக்குச் சாத்திப் போகிறது. அவளுக்கு விதி மனப்பாடம். அதைக் கையால் தொட்டுப் பார்த்ததுதான் இல்லை.

தொட்டுப் பார்க்க ஒரு டென்னிஸ் பந்து போதும். உங்க ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்களே, அதே பந்துதான். அமெரிக்காவின் நாசாவில் ரவீந்திர மேத்தா என்ற விஞ்ஞானி இந்தப் பந்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு டென்னிஸை வைத்தே காற்றியல் பாடமும் அங்கே தயாரித்தார்கள். அவர்களுக்குச் சுரங்கம் இருந்தது. நமக்குத் தையல் டேப் இருக்கிறது.

சுவரில் 100 அங்குல உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்க. அங்கிருந்து சிமென்ட் தரையில் பந்தை விடுங்க. போட்டிக்குரிய புதுப் பந்து 53 முதல் 58 அங்குலம் வரை எழும்ப வேண்டும் என்பது விதி. உங்க பழைய பந்து எவ்வளவு எழும்புது? பிள்ளையை அளந்து எழுதச் சொல்லுங்க. மீதி உயரம் எங்கே போச்சு என்று கேளுங்க. சத்தமாகவும் சூடாகவும் போயிருக்கு. பந்தை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் மேலே வரும். ஏன் என்று அவளே யோசிக்கட்டும், உடனே சொல்லிடாதீங்க.

பந்தின் மேலே கம்பளி மாதிரி ரோமம் இருக்கே, அது காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். ரோமம் தேய்ந்த பந்து விர்ரென்று வரும். இது பையன்களுக்கு ஏற்கெனவே தெரியும். காரணம் கேட்டால் முழிப்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சுழற்சிதான். நோட்டுத்தாள் ஒன்றைக் குழாயாகச் சுருட்டி ஒட்டுங்க. மேசை மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, குழாயை உருட்டி விடுங்க. மேசையைத் தாண்டிப் போய் விழும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அது வளைந்து மேசைக்கு அடியில் வரும்! உருளும்போது குழாயின் மேல்பக்கம் எதிர்க்காற்றோடு மோதுது, கீழ்ப்பக்கம் காற்று போகிற திசையிலேயே சுற்றுது. அதனால் குழாய் காற்றை மேலே தள்ளிவிடுது, காற்று குழாயைக் கீழேயும் பின்னாலேயும் தள்ளுது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். டென்னிஸ் பந்து வளைந்து போவதை அந்த நியூட்டனே 1672-ல் குறித்து வைத்திருக்கிறார். பிறகு 1852-ல் இதை ஆராய்ந்த ஜெர்மானியர் மாக்னஸின் பெயராலே "மாக்னஸ் விளைவு" என்கிறோம்.

ரஃபேல் நடால் என்ற வீரர் அடித்த பந்து நிமிடத்துக்குச் சராசரியாக 3,200 சுற்று சுற்றியதாக வீடியோ எடுத்து எண்ணியிருக்கிறார்கள். வலைக்கு மேலே உயரமாகப் போகும், ஆனாலும் கோட்டுக்குள்ளேயே விழும். அவர் 2008-ல் நம்ம நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி வரைக்கும் வந்து ஆடினார். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணனும் நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான்.

குழு பொருட்களை விற்க நீங்க வருகிற அன்னை தெரசா மகளிர் வளாகமும் அதே நுங்கம்பாக்கத்தில்தான் இருக்கு. அடுத்த தடவை கண்காட்சிக்கு வரும்போது பெண் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. ஸ்டேடியத்தை வெளியிலிருந்தாவது காட்டுங்க. அடையாறு பக்கம் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் மையம் இருக்கு, அதையும் பார்த்துட்டுப் போகலாம்.

மேசைக்கும் பலகைக்கும் செலவு கிடையாது. அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வரவு முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்க. பையன்களிடம் பந்து வாங்கிட்டு வாங்க. அளக்கிற டேப் மட்டும் பெண் பிள்ளை கையில் இருக்கட்டும்.