சக்கர நாற்காலியில் உலகைச் சுற்றியவர்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் காரியங்களைப் பேசுமுன், கனடா நாட்டு ரிக் ஹான்சன் என்பவரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அவர் நம் இனத்தவருமல்லர், தோட்டத்தைக் கண்டவருமல்லர். ஆனால், அவருக்கு முதுகு ஒடிந்த விதம் நாம் அறியாததல்ல. 1973ஆம் ஆண்டு, 15 வயதுப் பையனாக மீன் பிடிக்கப் போய்த் திரும்புகையில், சிறு லோரியின் பின்தட்டில் ஏறி வந்தார். வண்டி விபத்துக்குள்ளாயிற்று, பையன் தூக்கி எறியப்பட்டான். கால்கள் போயின. பெரட்டு முடிந்து லோரியில் நின்றபடி வேலைக்காட்டுக்குப் போய்வந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

கையொடிந்தால் எலும்பு கூடும். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புவடம் அறுந்தால் அப்படிக் கூடுவதில்லை. ஆகவேதான், மரத்தடியில் விழுந்து கிடப்பவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்காதீர்கள் என்கிறோம். கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் கிடத்தியே கொண்டுபோக வேண்டும். அவசரத்தில் தூக்கும் அன்பே ஆளை முடமாக்கிவிடலாம்.

ஹான்சன் முடங்கவில்லை. உடற்பயிற்சிக் கல்வி படித்துப் பட்டம் பெற்றார். சக்கர நாற்காலிப் பந்தயங்களில் வென்றார். புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி ஃபாக்ஸை நாற்காலிக் கூடைப்பந்துக்கு அழைத்து வந்தவரும் அவரே. அந்த ஃபாக்ஸ் 1980இல் செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார், 1981இல் மறைந்தார்.

1985 மார்ச்சில் ஹான்சன் வான்கூவரிலிருந்து கிளம்பினார். 34 நாடுகள், 26 மாதங்கள், 40,000 கிலோமீட்டருக்கு மேல்! எல்லாம் இரு கைகளால் சக்கரத்தைத் தள்ளியே. தோள் வீங்கிற்று, மணிக்கட்டு நொந்தது. தொடக்கத்தில் பெரிதாகத் திரும்பிப் பார்த்தவர் இல்லை, பணமும் சேரவில்லை. சீனப் பெருஞ்சுவரிலும் ஏறினார். 1986இல் கனடா மண்ணில் மீண்டும் கால் வைத்த பிறகுதான் (சக்கரம் வைத்த பிறகு என்றே சொல்ல வேண்டும்) ஊர் ஊராக மக்கள் திரண்டனர். 1987 மே மாதம் வீடு திரும்புகையில் 2 கோடியே 60 லட்சம் கனடிய டாலர் சேர்ந்திருந்தது. முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்கும் ஊனமுற்றோர் நலனுக்கும் அது போயிற்று.

அவரை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனாலும் ஒன்று சொல்லுவோம்: ஆராய்ச்சிக்கு உண்டியல் குலுக்கலாம், அடிபட்ட தொழிலாளியின் அரிசிக்கு உண்டியல் குலுக்கும் நிலை வரக்கூடாது. அது தருமமல்ல, நம் பாத்தியதை. 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகவே வந்தது. வேலையில் அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். செம்பனைக் குலை முதுகில் விழுந்தவரிடம், “இரண்டு நாள் படுத்திரு, சரியாகிவிடும்” என்று மண்டோர் சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். டாக்டரின் சீட்டும் பார்த்த சாட்சியும் அன்றே வேண்டும். மலாக்காவில் 2014இல் திறந்த சொக்சோ மறுவாழ்வு மையத்தில் நடக்கவும், நாற்காலி தள்ளவும், வேறு தொழில் பழகவும் பயிற்சி உண்டு. இது தெரியாமல் லயத்துக் கடைசி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்து, படுக்கைப்புண்ணாலே மாண்டவர்கள் எத்தனை பேர்!

அப்படி யாரேனும் உங்கள் பக்கத்தில் இருந்தால், பெயரையும் அடிபட்ட தேதியையும் இன்றே செயலாளரிடம் கொடுங்கள். பாரங்கள் அவர் மேசையில் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்களே எழுதித் தருகிறோம்.