அடைத்த கதவும் ஆத்தி மாலையும்



சித்தன்னவாசலின் அறிவர் கோயிலைப் புதுக்கியவன் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. காலம் பாண்டியன் சீமாறன் சீவல்லபனது, ஒன்பதாம் நூற்றாண்டு. அம்மன்னன் காலத்திலேயே பாண்டியர் குடிக்குள் பிளவு நேர்ந்தது என்றும், மனம் புண்பட்ட பாண்டிய இளவரசன் ஒருவன் ஈழம் சென்று படைத்துணை வேண்டினான் என்றும், அப்படை மதுரையைக் கைக்கொண்டது என்றும் சூளவம்சம் உரைக்கிறது. உட்பகையின் விலை அன்றும் பெரிதாகவே இருந்திருக்கிறது.

உட்பகைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒருவரும் வெல்லாமல், ஒருவரும் விலகாமல், எல்லாம் நின்றுபோவது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள்கள், அமெரிக்க அரசின் அலுவலகங்கள் பல மூடிக்கிடந்தன. அதுவரை அந்நாடு கண்டிராத நீட்சி இது. நிதி ஒதுக்கீட்டில் இரு கட்சிகளும் இணங்கவில்லை. விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்துவோர் ஊதியமின்றிப் பணிசெய்தனர். நவம்பர் மாத உணவுதவி ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு உரிய நாளில் சேரவில்லை. 1980-க்கு முன்னர் அங்கு ஒதுக்கீடு தாமதமானாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் இயங்கியே வந்தன. 1884-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்கு அந்நாட்டுத் தலைமைச் சட்ட அலுவலர் சிவிலெட்டி 1980-இல் கண்ட கடுமையான பொருளே கதவடைப்புக்கு வழிவகுத்தது. உரையாசிரியர் மரபை அறிந்த தமிழர் இதைக் கேட்டு வியப்படையார்!

நம் அமைப்பு வேறு. நிதிக் கோரிக்கை அவையில் தோற்றால் அமைச்சரவை விலகும், அலுவலகம் மூடாது. ஆயின் முடக்கம் வேறு வழியில் வந்தது. 1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைந்தபின் அவர் கட்சி இரண்டாயிற்று. 1988 சனவரி 28-இல் ஜானகி அமைச்சரவை நம்பிக்கை வாக்குக் கோரிய அன்று பேரவைக்குள் கைகலப்பு மூண்டது. காவலர் உள்ளே புகுந்து தடியடி நடத்தினர். இரு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு தேர்ந்தெடுத்த அவையின்றியே தமிழகம் ஆளப்பட்டது. 1989 தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட, ஓர் அணி சேவலையும் மற்றது இரட்டைப் புறாவையும் ஏந்தி நின்றன. ஒரே தலைவரின் படம் இரு மேடைகளிலும் இருந்தது.

இக்காட்சியைக் கோவூர் கிழார் முன்னரே கண்டவர். நலங்கிள்ளி முற்றுகையிட, நெடுங்கிள்ளி கதவடைத்து உள்ளிருந்தான். முதலில் ஆவூரில், பின்னர் உறையூரில். உறையூர்ப் பாட்டில் இருவர் சூடியதும் சோழரின் ஆத்தியே என்று புலவர் சுட்டுகிறார். எவன் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்பது அவர் வாதம். ஆவூர்ப் பாட்டு இன்னும் கூர்மையானது. அதில் அவர் மன்னனின் வீரத்தை அளக்கவில்லை. கவளம் பெறாத யானைகளையும், பாலின்றி அழும் குழவிகளையும், பூவற்ற மகளிர் கூந்தலையும் எண்ணிக் காட்டுகிறார். அறம் வேண்டின் கோட்டையை விட்டுக்கொடு, மறம் வேண்டின் வெளிவந்து பொருது, வெறுமனே அடைத்திருத்தல் நாணத்தக்கது என்பதே அவர் முடிபு. இரு மன்னரில் எவர் பக்கமும் சாயாது உள்ளிருக்கும் ஊரின் பக்கம் நின்றதே அப்புலவரின் துணிவு. இன்றைய மேடைக் கவிதை பெரும்பாலும் ஏதேனும் ஒரு கொட்டிலில் கட்டுண்டு கிடப்பதை இவ்விடத்தில் ஒப்புநோக்குதல் தகும்.

அவர் சொல் பலித்ததா எனில், நெடுங்கிள்ளி காரியாற்றுத் துஞ்சியவன் என்றே அறியப்படுகிறான். ஆவூர்க் குழவிகளின் பசியோ அப்பாட்டினால் மட்டுமே நமக்குத் தெரியவருகிறது.