கூலி கேட்கப் போகும் முன்

பனியன் தொழிலில் நூல் வாங்குவது முதல் பெட்டியில் அடைத்து அனுப்புவது வரை அநேகமாக எல்லாமே கடனில் நடைபெறுகிற திருப்பூரில், ஜாப் ஒர்க் செய்த கூலிக்குப் பெற்ற காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டால், வங்கி அதைத் தெரிவித்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டுமாதலால், பிரபலமான பெயரைத் தேடி நாட்களைக் கழிப்பதைவிட, காசோலை வழக்குகளில் நல்ல பரிச்சயமுள்ள வக்கீலை உடனே நாடுவதே விவேகம். கட்டணத்தை முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவமரியாதை ஏதுமில்லை.

கட்டணத்துக்கு வழியில்லாத தொழிலாளி என்ன செய்வார்? 1976-இல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 39-ஏ ஷரத்தின் நோக்கத்தை நிறைவேற்ற இயற்றப்பட்ட 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், வழக்கில் நியாயமான முகாந்திரம் இருக்குமாயின், வருமானத்தைப் பாராமலே இலவசமாக வக்கீலை நியமித்துத் தருகிறது. செக்கிங் மேஜையில் நாள் முழுதும் நிற்கும் பெண்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைக்கும் இளைஞர்களும் இந்த உரிமையை அறியாமல் வட்டிக்குக் கடன் வாங்குவது மிகுந்த வேதனைக்குரியது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் செல்லலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். போகும்போது சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.