உடன் பயில்வோரே உற்ற துணை

(ஏலப்பாறையில் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், அரசு அலுவலர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)



கல்லூரி முதலாண்டில் பொது வேதியியல் பயிலும் மாணவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வாறு துணைபுரியலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது சாலை, மின்சாரம், மருத்துவமனை போன்றவற்றையே நாம் முதலில் நினைக்கிறோம். அவற்றோடு ஒப்பிட இது மிகச் சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் ஒரு பிள்ளை, பட்டம் பெறும் வரை அங்கே நிலைத்து நிற்பதா, முதற் பருவத் தேர்வோடு வீடு திரும்புவதா என்பதைப் பல வேளைகளில் இத்தகைய ஒன்றிரண்டு கடினமான பாடங்களே முடிவு செய்கின்றன. ஆகவே இதனைச் சிறு பொருள் என்று ஒதுக்குவதற்கில்லை.

மூன்று மொழிகளுக்கு இடையே

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் சாலையில், பீருமேடு வட்டத்தில் அமைந்துள்ளது ஏலப்பாறை. சுற்றிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் உழைத்து வந்துள்ளனர். 1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்ததையடுத்து, 2000ஆம் ஆண்டு முதல் இவ்வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டதையும், லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பட்ட துன்பத்தையும் நீங்கள் அறிவீர்கள். கொழுந்து பறித்துப் பிழைக்கும் வாழ்வு தம் மக்களுக்கும் தொடர வேண்டாம் என்று கருதிய பெற்றோர், கல்வி ஒன்றையே நம்பினர்.

அந்தக் கல்வியின் பாதையில் மொழி ஒரு பெரும் படிக்கட்டாக நிற்கிறது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்து தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று, 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350அ பிரிவின் வாயிலாக நமது அரசியலமைப்பு கூறுகிறது. அந்தப் பிரிவு பேசுவது தொடக்கக் கல்வியை மட்டுமே. அதற்கு மேலே செல்லும் பிள்ளை மொழி மாற்றத்தைத் தானே சமாளிக்க வேண்டியுள்ளது.

தமிழ் வழியில் பயின்று கல்லூரி சேரும் மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் அவர் 'அமிலம்' என்று படித்தார். வகுப்பில் ஆசிரியர் மலையாளத்தில் 'அம்லம்' என்கிறார். பாடநூலில் 'ஆசிட்' என்றிருக்கிறது. பொருள் ஒன்றே, பெயர்கள் மூன்று. 'ஆக்சிஜனேற்றம்', 'இணைதிறன்' என்று அவர் நன்கறிந்த சொற்கள் வேறு உடை உடுத்து வரும்போது, தெரிந்ததும் தெரியாததாகிவிடுகிறது. பல மாணவர் இதனைத் தம் அறிவின் குறை என்று எண்ணி வாய் திறவாமல் இருந்துவிடுகின்றனர். அந்த மௌனமே தோல்வியின் தொடக்கம். மௌனத்தைக் கலைக்க ஆசிரியரைவிடப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழருக்கே வாய்ப்பு மிகுதி.

பழைய வழியும் புதிய ஆய்வும்

மாணவர் மாணவருக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. நமது திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவராகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், இந்நாட்டுச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். ஆசிரியர்கள் அதற்கு உடன்படாதபோது, எழுதக் கற்ற சிறுவன் ஒருவனையே மற்றவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழியே இது 'சென்னை முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது. ஆனால் அங்கே அது, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியரிடம் விட்டுச் செலவைக் குறைக்கும் உபாயமாகவும், பொருளறியாது ஒப்புவிக்கும் பயிற்சியாகவும் தேய்ந்தது. இவ்வரலாறு நமக்கு வழிகாட்டியாகவும் எச்சரிக்கையாகவும் அமைகிறது.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். 1970களில் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆசிரியர் ஓர் ஆய்வை மேற்கொண்டார். நுண்கணிதப் பாடத்தில் ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர் பலர் தோற்பதும், சீன வம்சாவளி மாணவர் சிறப்பதும் ஏன் என்று அறிய, இரு பிரிவிலும் இருபது இருபது பேரை அவர் நேரில் கவனித்தார். வறுமை, ஊக்கமின்மை, குடும்பச் சூழல் ஆகிய வழக்கமான காரணங்கள் பொருந்தவில்லை. முதற்பிரிவினரில் பதினெட்டுப் பேர் முற்றிலும் தனியே படித்தனர். மற்றப் பிரிவினர் முதலில் தனியே முயன்று, பின்னர் ஒன்றுகூடித் தம் விடைகளை ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டனர். தனியே படித்தவருக்கு, தாம் எங்கே தவறினோம் என்பதோ, அதே இடத்தில் மற்றவரும் தவறினர் என்பதோ தெரிய வழியில்லை. இதனையறிந்த டிரைஸ்மன், எளிய கணக்குகளைத் தந்து இரங்காமல், கடினமான கணக்குகளைக் குழுவாகச் செய்யும் பயிலரங்குகளை அமைத்தார். அவற்றில் பங்கேற்றோர் முன்னேறினர்.

1973இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் கேன்சஸ் நகர வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய துணைப் பயிற்சி முறையில் மற்றொரு நுட்பம் உண்டு. அவர் 'பின்தங்கிய மாணவர்' என்று எவரையும் பிரிக்கவில்லை. 'கடினமான பாடம்' என்று பாடத்தையே குறித்தார். ஆகவே பயிற்சிக்கு வருவது எவருக்கும் இழுக்காகவில்லை. பின்னர் 1990களில் நியூயார்க் நகரக் கல்லூரியில் பொது வேதியியல் பாடத்துக்கென்றே இத்தகைய முறை உருவாயிற்று. ஆறு முதல் எட்டு மாணவர் கொண்ட குழு. அப்பாடத்தில் அண்மையில் நன்கு தேறிய மாணவர் ஒருவர் அதன் தலைவர். வாரந்தோறும் ஒரு கூட்டம். விடைத்தாள் மட்டும் எவருக்கும் தரப்படுவதில்லை. விடை சரியா என்பதைக் குழுவே விவாதித்துத் தெளிய வேண்டும்.

யூரியா மூட்டை கற்பிக்கும் பாடம்

விடை சொல்லாமல் எவ்வாறு உதவுவது என்று நீங்கள் கேட்கலாம். இம்மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

யூரியாவில் நைட்ரஜன் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட வேண்டும். அதன் மூலக்கூறு எடை 60. நைட்ரஜனின் அணு எடை 14. முதலாண்டு மாணவி 14ஐ 60ஆல் வகுத்து 23.3 விழுக்காடு என்று எழுதுகிறார். 'தவறு, 46.7 என்று எழுது' என்று சொன்னால் ஏடு திருந்தும்; அறிவு திருந்தாது. இரண்டாமாண்டு பயிலும் குழுத் தலைவி, 'தோட்டத்துக்கு வரும் யூரியா மூட்டையில் என்ன எண் அச்சிட்டிருக்கிறது?' என்று கேட்கிறார். 'நாற்பத்தாறு, அக்கா' என்கிறார் மாணவி. 'உனக்கு ஏன் அதில் பாதி வந்தது? மூலக்கூற்றை வரைந்து காட்டு' என்று தலைவி கூறுகிறார். ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், நான்கு ஹைட்ரஜன் என வரைந்துவரும்போது, அடைப்புக்குறிக்கு வெளியே நின்ற சிறிய 2 என்னும் எண் நைட்ரஜனையும் இரட்டிக்கிறது என்பதை மாணவி தாமே காண்கிறார். இரண்டு நைட்ரஜன் அணுக்களின் எடை 28. அதனை 60ஆல் வகுத்தால் 46.7. தூய யூரியாவுக்குரிய இந்த எண்ணை ஒட்டியே மூட்டையில் 46 என்றிருக்கிறது.

இங்கே நிகழ்ந்தது என்ன? தலைவி ஒரு விடையும் சொல்லவில்லை; இரண்டு கேள்விகளே கேட்டார். மாணவியின் தவறு எங்கே இருக்கிறது என்பது வெளிப்பட்டது. அதே கணக்கைத் தொடர்ந்து, 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20.7 கிலோ நைட்ரஜன் உண்டு என்றும், அம்மோனியம் சல்பேட்டில் 21 விழுக்காடே நைட்ரஜன் என்பதால் அதே அளவு பெற இரு மடங்குக்கு மேல் உரம் வேண்டும் என்றும் அக்குழு கண்டறியலாம்.

பிஎச் அளவையும் அவ்வாறே. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிஎச் உள்ள அமில மண் ஏற்றது. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே வேறுபாடு ஒன்றுதானே என்று மாணவர் எண்ணுவர். உண்மையில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு வேறுபடுகிறது. மண்ணின் அமிலத்தன்மை அளவு மீறும்போது தோட்டங்களில் டோலமைட் இடுவது ஏன் என்று ஒரு மாணவர் தமிழில் விளக்கட்டும். அடுத்தவர் அதையே பாடநூலின் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு எழுதட்டும். சிந்தனை தாய்மொழியில் தெளிந்த பிறகு, தேர்வு மொழியில் எழுதுவது பழக்கத்தால் வரும். இவ்வாறு விளக்கும்போது விளக்குபவரும் பயன் பெறுகிறார். தாம் அறிந்ததாக எண்ணியதில் எது அறியாதது என்பது, பிறருக்குச் சொல்லத் தொடங்கும்போதே புலப்படுகிறது.

தவிர்க்க வேண்டியவை

ஒருவர் எழுதிய செய்முறைக் குறிப்பேட்டை மற்றவர் பார்த்தெழுதுவதை உதவி என்று கருதலாகாது. அது நண்பரைத் தேர்வறையில் கைவிடுவதற்கு ஒப்பாகும். குழு முழுவதும் ஒரே தவறான கருத்தைக் கொள்ளவும் கூடும்; ஆகவே தெளியாத ஐயங்களைக் குறித்து வைத்து, வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். ஆய்வகத்தில் ஆசிரியர் இல்லாமல் எச்சோதனையும் கூடாது. அடர் கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் வெப்பம் மிகுந்து அமிலம் தெறிக்கும். தண்ணீரிலேயே அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். இத்தகைய பாதுகாப்பை உறுதி செய்வது ஆசிரியரின் பொறுப்பே.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மாணவர்களின் நல்லெண்ணம் ஒன்றே இதற்குப் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாகவும், 1991 ஏப்ரல் 18இல் கேரளம் முழுவதும் அந்நிலையை எய்தியதாகவும் அறிவிக்கப்பட்டன. அப்பெருஞ்செயலில் அண்டை அயலாரே ஆசிரியராயினர். எனினும் அவர்களுக்குப் பயிற்சி, பாடநூல், நிருவாக ஆதரவு ஆகிய மூன்றும் கிடைத்தன. கல்லூரிக் குழுக்களுக்கும் அவை வேண்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர் சக மாணவருக்குக் கற்பிப்பதை வரவேற்றுள்ளது.

என் கருத்தில் நான்கு உதவிகள் இன்றியமையாதவை. முதலாவது, வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கால அட்டவணைக்குள்ளேயே ஒதுக்கப்பட வேண்டும். மாலையில் கூடுமாறு சொன்னால், மலைப்பாதையில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகளே, குறிப்பாகப் பெண்களே, விடுபட்டுப் போவர். இரண்டாவது, குழுத் தலைவர்களுக்குப் பருவத் தொடக்கத்தில் பயிற்சியும், அவர்தம் உழைப்புக்கு ஒரு சிறு உதவித்தொகையும் தரப்பட வேண்டும். வறிய வீட்டு மாணவர் ஊதியமின்றி உழைக்க இயலாது. மூன்றாவது, முதலாண்டு வேதியியலுக்குரிய சில நூறு கலைச்சொற்களைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் தரும் கையேடு ஒன்று வேண்டும். அதனை மாணவர்களே தொகுத்து, ஆசிரியர்கள் சரிபார்க்கலாம். நான்காவது, ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருப்பதற்கு இக்குழுக்கள் ஒருபோதும் சமாதானமாகிவிடக் கூடாது. 'சென்னை முறை' இங்கிலாந்தில் தேய்ந்த வரலாறு அதற்குத்தான் நமக்கு எச்சரிக்கை.

மாணவ நண்பர்களே, அரசின் ஆணைக்காகக் காத்திராமல் நீங்கள் இன்றே தொடங்கக்கூடியதும் உண்டு. ஐந்தாறு பேர் சேருங்கள். முதலில் தனியே முயலுங்கள், பிறகு கூடுங்கள். 'எனக்குப் புரியவில்லை' என்று முதலில் சொல்பவரை நகையாதீர்கள். குழுவின் வேலை அந்த ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறது. நன்றாகப் படிப்பவர், தம் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பிறருக்கு விளக்கிய பாடம் எளிதில் மறப்பதில்லை. ஒரு லயத்திலிருந்து ஒருவர் மட்டும் பட்டம் பெற்று வெளியேறினால் அது அவருடைய வெற்றி. அவர் தம்முடன் மேலும் நால்வரைக் கரையேற்றினால், அது இம்மலைநாட்டின் வளர்ச்சி.