நிழலில் வளர்ந்த தேநீர்

ஜப்பானில், கியோட்டோவுக்குத் தெற்கே உஜி என்றொரு ஊர். வசந்த காலத்தில் தேயிலை தளிர் விட்டதும் அங்கே செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு மூடிவிடுகிறார்கள். மூன்று வாரம் செடி நிழலிலேயே நிற்கும். வெளிச்சம் குறையக் குறைய இலையில் பச்சையம் கூடும். வெயில் பட்டால் துவர்ப்பாக மாறிப்போகும் தியானின் என்ற சத்தும் இலையிலேயே தங்கும். மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளின் நிறமும் ருசியும் அந்த நிழல் தந்தவை.

பறித்த இலையை ஆவி காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கருங்கல் திரிகையில் அரைக்கிறார்கள். வேகமாகச் சுற்றினால் சூடேறி மணம் போய்விடும். அதனால் ஒரு திரிகை ஒரு மணி நேரம் சுற்றினாலும் 40 கிராம் அளவுக்குத்தான் தூள் விழும். விலை ஏன் அதிகம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். இளம்புல் போலப் பளிச்சென்று இருந்தால் நல்லது. மஞ்சளோ பழுப்போ தட்டினால் வேண்டாம். 'செரிமோனியல் கிரேட்' என்று டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பெயருக்குச் சட்டப்படி வரையறை கிடையாது. உஜி, நிஷியோ, யாமே என்று விளைந்த ஊர் எழுதியிருக்கிறதா, சர்க்கரை, பால்பொடி எதுவும் சேர்க்காததா என்று பாருங்கள். பால் ஊற்றிக் குடிப்பதானால் விலை குறைந்த ரகமே போதும்.

இலையாக இருந்தால் சில மாதம் தாங்கும். தூளோ காற்றுப் பட்டதும் வாடத் தொடங்கும். ஆகவே 20, 30 கிராம் டப்பாவாக வாங்கி, திறந்த ஒரு மாதத்துக்குள் குடித்து முடியுங்கள். தோட்டத்தில் வெயில் படாமல் காத்ததை நம் வீட்டு ஜன்னலோரம் வைக்கலாமா? இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பெருங்காயத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். எந்த வாசனையையும் இது இழுத்துக்கொள்ளும். வெளியே எடுத்த உடனே திறக்காதீர்கள். குளிர்ச்சி தணியட்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துத் தூள் கட்டிதட்டும்.

இனி தயாரிப்பு. இதை நம் டீ போலக் கொதிக்கவிடக் கூடாது. ஒரு தேக்கரண்டி, அதாவது 2 கிராம் தூளைக் கிண்ணத்தில் சலித்துக்கொள்ளுங்கள். கொதித்த நீரை டம்ளர் மாற்றி இரண்டு முறை ஆற்றினால் ஏறத்தாழ 80 டிகிரிக்கு வரும். அதில் 70 மில்லி ஊற்றுங்கள். சாசென் என்ற மூங்கில் மத்தின் நுனியை முன்பே வெந்நீரில் நனைத்து வைத்திருங்கள். மோர் கடைவது போல உருட்ட வேண்டாம். மணிக்கட்டை மட்டும் அசைத்து, முன்னும் பின்னுமாக விரைவாக அடியுங்கள். கால் நிமிடத்தில் மெல்லிய நுரை எழும். மூங்கில் மத்து இல்லையா? மூடியுள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்கினாலும் சரிதான்.

இலையையே முழுதாகக் குடிப்பதால் காஃபீனும் முழுதாக உள்ளே போகும், இரவில் தவிர்த்துவிடுங்கள். மாட்சா தண்ணீரில் கரைவதில்லை, கொஞ்ச நேரம் கலந்து நிற்கத்தான் செய்கிறது. பேச்சு சுவாரசியத்தில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டால் அத்தனையும் அடியில் படிந்துவிடும். அடித்த கையோடு குடித்துவிடுங்கள். பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.