குடலையும் தொடும் சுவாச நோய்



இருமலும் காய்ச்சலுமாகப் படுத்திருக்கும் ஒருவர், கூடவே வயிற்றுப்போக்கும் இருப்பதாகச் சொன்னால், அதைத் தின்ற பண்டத்தின் மேலோ குடித்த தண்ணீரின் மேலோ பழிபோட்டு ஒதுக்கிவிடுவது நம்மிடையே வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். கொரோனா இனத்து வைரஸ்களின் விஷயத்தில் அவ்வழக்கம் எத்தகைய அபாயத்துக்கு இடம் கொடுக்கும் என்பதை, 2003ஆம் ஆண்டில் ஹாங்காங் நகரம் பல உயிர்களைப் பறிகொடுத்து அறிந்துகொண்டது.

அந்நகரின் கௌலூன் பகுதியில் அமோய் கார்டன்ஸ் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட மாடிகளையுடைய கட்டடங்கள் நெருங்கி நிற்க, மாடிக்கு எட்டு வீடுகளாக ஆயிரக்கணக்கான ஜனங்கள் வாழும் இடம் அது. அவ்வாண்டு மார்ச் மாத நடுவில், சிறுநீரக வியாதிக்குச் சிகிச்சை பெற்றுவந்த ஒருவர், ஸார்ஸ் என்னும் புதிய சுவாச நோய் தம்மைப் பற்றியிருப்பதை அறியாமல், அங்கே ‘ஈ’ கட்டடத்தில் வசித்த சகோதரரின் வீட்டுக்கு வந்தார். பேதி கண்டிருந்த அவர் அவ்வீட்டுக் கழிப்பறையை உபயோகித்தார். நடந்தது இவ்வளவே. ஆயினும் சில தினங்களுக்குள், அவர் முகத்தையே பார்த்தறியாதவர்களும், மேலும் கீழுமாக வெவ்வேறு மாடிகளில் இருந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராகக் காய்ச்சலில் விழலானார்கள். அக்குடியிருப்பில் 300க்கும் அதிகமானோர் நோயுற்றனர். 42 பேர் மாண்டனர். மார்ச் 31 அன்று ‘ஈ’ கட்டடம் முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டு, அங்கிருந்தோர் பின்னர் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

இந்த விபரீதம் எப்படி நேர்ந்தது என்று ஆராய்ந்த சுகாதார அதிகாரிகளின் கவனம், கடைசியில் குளியலறைத் தரையில் நீர் வடியும் துவாரத்தின்மேல் வந்து நின்றது. அத்துவாரத்துக்குக் கீழே குழாய் வளைந்து செல்லும். ‘ட்ராப்’ எனப்படும் அவ்வளைவில் எந்நேரமும் சிறிது நீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாதபடி தடுக்கும். தரையைத் தண்ணீர் விட்டு அலம்பாமல் ஈரத்துணியால் துடைத்தே வந்தமையால், பல வீடுகளில் அந்நீர் வற்றிப்போயிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, காற்றை வெளியே தள்ளும் விசிறியை ஓடவிட்டபோதெல்லாம், மலக்குழாயினுள் இருந்த நுண்திவலைகள் வறண்ட வளைவின் வழியே அறைக்குள் இழுக்கப்பட்டன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரு செம்பு நீரைத் தினமும் ஊற்றியிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்குமோ என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

இலங்கையில் பிறந்து ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த மாலிக் பீரிஸ் என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், அக்குடியிருப்பைச் சேர்ந்த 75 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு நீர்த்த வயிற்றுப்போக்கு கண்டது. நோய் தொடங்கி இரண்டு வாரம் ஆன சமயத்தில், பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய அனைவரின் மலத்திலும் வைரஸின் மரபுப்பொருள் காணப்பட்டது. வேறு மருத்துவர்கள் குடற்சதையைச் சிறிது எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோதோ, உயிரணுக்களுக்குள்ளே வைரஸ்கள் பெருகியிருந்தும், குடலின் அமைப்பு பெரிதும் சிதையாமலே இருந்தது அவர்களை வியப்பில் ஆழ்த்தியது.

சுவாசத்தின் வழி புகும் கிருமிக்குக் குடலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 2003இல் ஸார்ஸ் நோயைத் தந்த கொரோனா வைரஸும், 2019இன் இறுதியில் தோன்றிய கோவிட் வைரஸும், மனித உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏ.சி.இ.2 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றன. அப்புரதம் நுரையீரலில் இருப்பதைக் காட்டிலும் சிறுகுடலின் உட்சுவரில் மிகுதி; அங்கே அது, உணவிலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களை உடல் உறிஞ்சிக்கொள்ள உதவி செய்கிறது. ஜீரணத்துக்குத் துணைநிற்கும் ஒரு பொருளே வைரஸுக்கும் வாசலாகிவிடுகிறது. 2020இல் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள், சோதனைக்கூடத்தில் வளர்த்த மனிதச் சிறுகுடல் திசுவில் கோவிட் வைரஸ் புகுந்து பெருகுவதை நேரிலேயே கண்டார்கள்.

கால்நடை வைத்தியர்களுக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அன்று. பன்றிக்குட்டிகளைப் பேதியால் மாய்க்கும் ஒரு கொரோனா வைரஸை அமெரிக்காவில் 1946இலேயே அறிந்திருந்தார்கள். 1984இல் பெல்ஜியத்தில் அதன் உறவான வைரஸ் ஒன்று அகப்பட்டது. வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முட்புரதத்தில் ஒரு பகுதியை இழந்ததனால், அது குடலைப் பெரும்பாலும் விட்டுவிட்டுச் சுவாச உறுப்புகளில் குடியேறியிருந்தது. நுரையீரல் நோய் என்றும் குடல் நோய் என்றும் நாம் போடும் எல்லைக்கோட்டை இயற்கை எத்தனை எளிதாகக் கடந்துவிடுகிறது, பாருங்கள்.

கோவிட் காலத்தின் துவக்கத்தில் சீனாவில் ஆஸ்பத்திரியில் இருந்த 73 பேரைச் சோதித்ததில், 39 பேரின் மலத்தில் வைரஸின் மரபுப்பொருள் தென்பட்டது. அவர்களுள் 17 பேருக்கு, மூக்கு, தொண்டைச் சோதனையில் வைரஸ் மறைந்த பின்பும் மலத்தில் அது நீடித்தது. இதைக் கேட்டு வீண்பீதி கொள்ளலாகாது. மரபுப்பொருள் கிடைப்பது வேறு, தொற்றவல்ல உயிர்ப்புடன் வைரஸ் இருப்பது வேறு. கோவிட் பிரதானமாகப் பரவியது சுவாசத்தின் வழியேதான். மலத்தில் கலக்கும் அம்மரபுப்பொருளால் ஒரு நன்மைகூட விளைந்தது. நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரில், நோயாளிகள் பற்றிய தகவல் வெளிவருமுன்பே, 2020 மார்ச்சில் சாக்கடை நீரில் வைரஸின் தடயம் கண்டறியப்பட்டது. அதன்பின் பல தேசங்கள் கழிவுநீரைச் சோதித்தே நோயின் ஏற்ற இறக்கத்தை அளவிட்டுவந்தன.

இனி வீட்டுக் காரியம். சிலருக்கு இருமலுக்கு முன்பாகவே வாந்தியோ பேதியோ பசியின்மையோ தலைகாட்டும். நோய்த்தொற்று ஊரில் பரவியிருக்கும் நாட்களில் அவ்வறிகுறிகளையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் காய்ச்சலோடு பேதியும் சேரும்போது உடலின் நீர் வெகு சீக்கிரம் வற்றிவிடும். ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொடியைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவுப்படி, காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுத்துவாருங்கள். சிறுநீர் குறைந்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், நோயாளி சோர்ந்து மயங்கினாலும், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். நோயாளி உபயோகிக்கும் கழிப்பறையில் மூடியைச் சாத்திவிட்டு நீரைத் திறப்பதும், புழங்காத குளியலறையின் துவாரத்தில் அவ்வப்போது ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவதும், சோப்பிட்டுக் கை கழுவுவதும் எவர் வீட்டிலும் செய்யக்கூடியவையே.